கொஞ்சம் சுட்டால் வேலை செய்யும் கார்பன்

கார்பன் நார்களாலான கம்பளி போன்ற கார்பன் ஃபெல்ட் துண்டு ஒன்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உள்ளே இறங்காது, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். வனேடியம் ஃப்ளோ பேட்டரியில் மின்முனையாக வைப்பது இந்தக் கம்பளியைத்தான். அதன் வழியாக ஓடவேண்டியதோ கந்தக அமிலத்தில் கரைந்த வனேடியம் என்ற உலோகம்.

இந்த பேட்டரியில் ஆற்றல் இருப்பது இரண்டு தொட்டித் திரவங்களில். பம்பு அவற்றைச் செல்லுக்குள் தள்ள, வனேடியமும் கார்பனும் எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொள்கின்றன. ஃபெல்டின் கனஅளவில் 90 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம். ஒவ்வொரு நாரும் சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமன். இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நனையாத இடம் இருந்தென்ன?

இதற்குக் கண்ட வைத்தியம் எளிமையானது: சுடுவது. வனேடியம் பேட்டரியை 1980களில் உருவாக்கிய மரியா ஸ்கைலாஸ் கசாகோஸ், 1992இல் சக ஆய்வாளருடன் இதைச் செய்து காட்டினார். கார்பன் ஃபெல்டில் ஒரு வகையான கிராஃபைட் ஃபெல்டைக் காற்றில் 400 டிகிரி செல்சியஸில் 30 மணி நேரம் வைத்ததும், பேட்டரியின் ஆற்றல் திறன் 78இலிருந்து 88 சதவீதமானது. ஓர் அடுப்பு தந்த பத்து சதவீதம்!

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னியிருக்கின்றன. வலையின் நடுவில் இருக்கும் அணுவுக்கு மூன்று பக்கமும் துணை உண்டு, யாரையும் சீண்டாது. விளிம்பில் இருப்பதற்கு ஒரு பக்கம் காலி. சூடான ஆக்சிஜன் அங்கேதான் கைவைக்கிறது. சில அணுக்களைக் கரியமில வாயுவாக்கிக் கொண்டுபோகிறது. போன இடத்தில் குழி விழுந்து புது விளிம்புகள் பிறக்கின்றன. மிஞ்சிய விளிம்புகளில் ஹைட்ராக்சில், கார்பாக்சில் என்ற ஆக்சிஜன் அடங்கிய அணுத் தொகுதிகள் ஒட்டிக்கொள்கின்றன. இவற்றுக்குத் தண்ணீர் பிடிக்கும் என்பதால் நார் நனைகிறது. எலக்ட்ரான் மாற்றத்தை வேகப்படுத்துவது இந்தத் தொகுதிகளா, விளிம்புகளேயா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. நான் விளிம்புகள் பக்கம் சாய்கிறேன்.

அடர் அமிலத்தில் ஊறவைப்பது, பிளாஸ்மா காட்டுவது, நைட்ரஜனைப் புகுத்துவது என்று வேறு வழிகளும் உண்டு. எதிலும் அளவு மீறினால் நார் மெலிந்து நொறுங்கும், மின்சாரம் கடத்துவதும் குறையும்.

எதிர்மின் பக்கத்தில் இன்னொரு தொல்லை. சார்ஜ் ஏற்றும்போது அங்கே ஹைட்ரஜன் வாயு கிளம்பி, ஏற்றிய மின்சாரத்தில் ஒரு பங்கை வீணடிக்கும். அதற்கு பிஸ்மத் என்ற உலோகம் கைகொடுக்கிறது. ஃபெல்டில் பூசக்கூட வேண்டாம். அதன் உப்பைச் சிறிது திரவத்தில் கலந்தால் போதும். சார்ஜ் ஏறும்போது வனேடியத்துக்கு முன்பே பிஸ்மத் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு, தானாகவே நார்களின் மேல் படிந்துவிடுகிறது.