கார்ட்னர் மாளிகையில் ஏன் வெளிச்சம் குறைவு?

பாஸ்டனிலுள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்குச் செல்வோரில் சிலர், அறைகள் இருட்டாக இருப்பதாகக் குறைப்படுவதுண்டு. பழந்துணிகளைப் பேணுவது என் தொழில் என்பதால், அந்த மங்கலின் காரணத்தைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

1840இல் நியூயார்க்கில் பிறந்த இசபெல்லா, 1891இல் தந்தை விட்டுச்சென்ற பெருஞ்செல்வத்தைக் கொண்டு, ஓவியங்களோடு நிற்காமல் திரைச்சீலைகள், கிறிஸ்தவக் குருமார் வழிபாட்டில் அணியும் பூவேலை செய்த பூசை உடைகள், லேஸ் துணிகள், மரச்சாமான்கள் எனத் தேடித்தேடிச் சேர்த்தார். வெனிஸ் மாளிகைகளின் சாயலில் எழுப்பி 1903இல் திறந்த கட்டடத்தில், இத்தாலிய ஓவியர் டிஷியனின் ‘ஐரோப்பா’ ஓவியத்துக்குக் கீழே, பாரிஸின் வொர்த் ஆடையகம் தைத்த தம் கவுனின் பட்டுத்துணியையே சுவரில் பொருத்தினார். துணியை அவர் எவ்வளவு மதித்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். பொருள்களின் அமைப்பை நிலையாக மாற்றினால் தொகுப்பை விற்றுப் பணத்தை ஹார்வர்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று உயிலும் எழுதிவைத்து, 1924இல் இறந்தார். அறைகளோ கண்ணாடிக் கூரையிட்ட முற்றத்தைச் சுற்றியே இருக்கின்றன. துணியை இடம் மாற்ற முடியாதபோது வெளிச்சத்தைத்தான் குறைத்தாக வேண்டும்.

பூசை உடைகளில் பொற்சரிகை பெரும்பாலும் துணியை ஊடுருவுவதில்லை. அதை மேலே கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் சிறுசிறு இடைவெளியில் பிடித்துத் தைத்திருப்பார்கள். வெளிச்சம் முதலில் தின்பது அந்தப் பிடிநூலைத்தான். ஒருமுறை என் மேசைக்கு வந்த பழைய பூசை உடையில் சரிகை பளபளப்புக் குன்றாமல் இருக்க, பிடிநூல் பொடிந்துபோய், சிலுவையின் ஒரு கை முழுவதும் புழுபோல நெளிந்து தொங்கியது. சன்னலோரம் மாட்டியிருந்த பக்கம் அது. வெளிச்சத்தால் பட்டு இழந்த வலு திரும்பி வராது. இன்று பட்ட கேடு நேற்றுப் பட்டதோடு கூடிக்கொண்டே போகும். அதனால்தான் காட்சியறைகளில் துணிக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்று வைத்துக்கொள்கிறோம்; நேர்வெயிலில் அது ஒரு லட்சத்தையும் எட்டும்.

உங்கள் கோயில் அலமாரியிலோ வீட்டிலோ இத்தகைய துணி இருந்தால், கறுத்த சரிகையை எலுமிச்சையாலோ பாலிஷாலோ தேய்க்காதீர்கள். வெள்ளியின் மேலுள்ள மெல்லிய பொற்பூச்சு அழுக்கோடு சேர்ந்து போய்விடும். துவைக்கவும் இஸ்திரி போடவும் வேண்டாம். மடிப்பில்தான் பட்டு முதலில் விரிசல் விடும் என்பதால், அமிலமற்ற தாள் சுற்றிய அகலமான குழாயில், பூவேலை வெளிப்புறமாக இருக்கும்படி, தளர்வாகச் சுருட்டி வையுங்கள். சரிகை கனமாக இருந்தால் சுருட்டாமல் பெட்டியில் விரித்தே கிடத்துங்கள்.