அடங்கிய அச்சம் ஏன் திரும்பி வருகிறது?

செவிலியர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்ததுமே என் மகள் அழத் தொடங்கிவிடுவாள். மருந்து அப்போதும் குப்பிக்குள்தான் இருக்கும். யாரும் அவள் கையைத் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள். அதற்குள் தோள் குறுகி, விரல்கள் என் சட்டையை இறுகப் பற்றிக்கொள்ளும். "குத்தவே இல்லையே, அதற்குள் என்ன அழுகை?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். ஆனால், அவள் உடலின் கணக்கில் குத்து தொடங்கிவிட்டது. முன்பு ஒவ்வொரு முறையும் அந்த நெடியை அடுத்துத்தானே வலி வந்தது!

ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்கள் இதை ஆக்கநிலையிறுத்தம் என்று சொல்லும். பெயர்தான் கடினம். ஒன்றை அடுத்து இன்னொன்று வரும் என்பதை உடல் கற்றுக்கொண்டு, முந்தையதைக் கண்டவுடனே பிந்தையதற்குத் தயாராகிவிடுகிறது. அவ்வளவுதான்.

ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் உளவியல் ஆராயப் புறப்பட்டவர் அல்லர். செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற உடலியலாளர் அவர். நாயின் உமிழ்நீர் நாளத்தை அறுவை செய்து கன்னத்துக்கு வெளியே திருப்பிவிட்டு, சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருந்தார். உணவு வாயில் படுவதற்கு முன்பே, அதைக் கொண்டுவருபவரைக் கண்ட மாத்திரத்தில் உமிழ்நீர் ஊறியது. ஆய்வைக் கெடுக்கும் இடைஞ்சல் என்று வேறொருவர் ஒதுக்கியிருக்கக்கூடும். பாவ்லோவ் தம் மீதி வாழ்நாளை அதற்கே கொடுத்தார். பள்ளியில் நாம் படித்தது மணியோசை. அவருடைய ஆய்வுகளில் அடிக்கடி வருவது மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் டக்டக் ஒலி.

இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வந்தால் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1960களின் பிற்பகுதியில் உளவியலாளர் லியோன் காமின் அந்த நம்பிக்கையை உடைத்தார். ஓர் ஒலியை அடுத்து மின்னதிர்ச்சி வரும் என்று எலிகள் கற்றுக்கொண்டன. பிறகு அந்த ஒலியோடு ஒரு விளக்கையும் சேர்த்துப் போட்டு அதிர்ச்சி கொடுத்தார். பலமுறை சேர்ந்தே வந்தும், விளக்கை மட்டும் போட்டபோது எலிகள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அதிர்ச்சி வரப்போவதை ஒலியே சொல்லிவிட்டது. விளக்கு புதிதாக எதையும் சொல்லவில்லை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையே எவ்வளவு வேறுபாடோ அவ்வளவுதான் கற்றல் என்று ரெஸ்கோர்லா, வாக்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1972இல் இதற்குச் சமன்பாடே எழுதினார்கள்.

என் மனத்தை அதிகம் தொடுவது அடுத்து வரும் பகுதி. மெட்ரோனோம் ஒலிக்கிறது, உணவு வரவில்லை. மறுபடியும் ஒலிக்கிறது, அப்போதும் இல்லை. சொட்டுகள் குறைந்துகொண்டே போய் நின்றுவிடுகின்றன. நாய் மறந்துவிட்டது என்றுதானே சொல்வோம்? சிறிது நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு அதே ஒலியை எழுப்பினால் உமிழ்நீர் மீண்டும் ஊறுகிறது! பழைய பாடம் அழியவில்லை. "இப்போது வராது" என்ற புதுப்பாடம் அதன்மேல் படிந்திருக்கிறது. அந்தப் புதுப்பாடம் கற்ற இடத்தோடு பிணைந்தும் கிடக்கிறது. ஓர் அறையில் அச்சம் அடங்கிய எலி, வேறு அறைக்கு மாற்றியதும் மீண்டும் அஞ்சுவதை உளவியலாளர் மார்க் பவுட்டன் பல சோதனைகளில் காட்டினார்.

குழந்தைகளிடமும் இதே கதைதான். மூன்று வயதைத் தொடவிருந்த பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் எழுதினார். வெள்ளெலி, முயல், கம்பளி உரோமம், பஞ்சு எல்லாவற்றையும் கண்டு நடுங்கிய பிள்ளை அவன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது போல, அச்சம் ஒன்றிலிருந்து அதைப் போன்ற இன்னொன்றுக்குத் தாவியிருந்தது. பயமில்லாத பிள்ளைகளோடு விளையாட விட்டதில் அவன் தேறிவந்தான். இடையில் காய்ச்சலில் படுத்து மருத்துவமனைக்குப் போனான். அங்கிருந்து திரும்பும் வேளையில் ஒரு பெரிய நாய் பாய, தேறியதெல்லாம் போயிற்று. ஜோன்ஸ் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது கூண்டு முயலைத் தொலைவில் வைத்தார். அவன் கலங்காத அளவுக்கு மட்டும், நாளுக்கு நாள் சற்றே நெருங்கிக் கொண்டுவந்தார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறித்தபோதும் அவன் கையை இழுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்தான்.

"போன மாதம் சரியாகத்தானே இருந்தாய், இப்போது என்ன வந்தது?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்பது அநியாயம் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் கேட்டிருக்கிறேன். அதைவிட மோசமாக, ஒவ்வோர் ஊசிக்கும் முன்னால் "வலிக்காது" என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை அடுத்துத் தவறாமல் வலி வந்தது. இப்போது ஸ்பிரிட் நெடியைப் போலவே "வலிக்காது" என்ற சொல்லும் அவளை அழவைக்கிறது.

வீட்டில் ஸ்பிரிட் பஞ்சைக் கொடுத்து விளையாடவிட்டோம். அஞ்சாமல் பொம்மையின் கையைத் துடைத்தாள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பழைய அழுகையே வந்தது. அதனால் இப்போதெல்லாம் ஊசி இல்லாத நாட்களிலும் அங்கே போகிறோம்; எடை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். சென்ற வாரம் பஞ்சுப் பெட்டியின் மூடி திறந்த ஓசைக்கு அவள் கை என் சட்டையைத் தேடி வந்தது. பிடித்தபடியே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அழவில்லை. அடுத்த தடுப்பூசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.