மருந்து கேட்கும் என்று ரிப்போர்ட் சொல்லியும் தொற்று ஏன் திரும்புகிறது?

“கல்ச்சரில் இந்த மருந்து கேட்கும் என்றுதானே போட்டிருந்தீர்கள்? அப்புறம் ஏன் மறுபடியும் காய்ச்சல்?” நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கும் எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் குழாய், போட்டுப் படுத்திருக்கும் ஒருவரின் வீட்டார்.

ரிப்போர்ட் தப்பில்லை. ஆனால் கல்ச்சர் சோதனையில் சிறுநீரில் மிதந்து வரும் பாக்டீரியாவை வளர்த்து, அதன்மேல்தான் மருந்தைச் சோதிக்கிறோம். குழாயின் உட்சுவரில் ஒட்டியிருப்பவை அப்படியே அங்கேயே இருக்கின்றன.

கழற்றிய கதீட்டரை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் உள்ளே வழுவழுவென்று ஒரு படிவு தெரியும். அதுதான் பயோஃபிலிம். சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், டி.என்.ஏ. எல்லாம் கலந்து பாக்டீரியா தனக்குத்தானே கட்டிக்கொள்ளும் உறை. சில குழாய்களில் அது மணல்போல நறநறக்கும். புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா இருந்தால் அப்படித்தான்: அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்க, சிறுநீர் காரத்தன்மை அடைந்து உப்புகள் படிகமாகின்றன. கடைசியில் குழாயே அடைத்துக்கொள்ளும்.

உறையின் அடியில் உணவும் ஆக்சிஜனும் குறைவு. அங்குள்ளவை வளராமல் முடங்கிக் கிடக்கும். பல ஆன்டிபயாடிக்குகள் பெருகும் பாக்டீரியாவைத்தான் கொல்லும், முடங்கியதை விட்டுவிடும். மிதப்பவற்றுக்குப் போதுமான அளவைப்போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு கொடுத்தால்தான் இவை சாகும். அவ்வளவு மருந்தை உடம்பு தாங்காது. மாத்திரை நின்றதும் இவை மறுபடி பெருகுகின்றன. போதாக்குறைக்கு, இப்படி நெருங்கிக் கிடக்கும்போது எதிர்ப்பு மரபணுக்களும் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கைமாறுகின்றன.

கதீட்டர் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். சிறுநீர்ப்பைச் சுவரின் செல்களுக்குள்ளேயே புகுந்து கூட்டமாகத் தங்க ஈ.கோலை என்ற பாக்டீரியாவால் முடியும்.

சரி, என்ன செய்யலாம்? குழாய் போட்டு இரண்டு வாரம் தாண்டியவருக்குத் தொற்றின் அறிகுறி வந்தால், மருந்தோடு குழாயையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதம் கதீட்டர் இருந்தாலே ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் பாக்டீரியா இருக்கும். காய்ச்சலோ வலியோ இல்லாமல், ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் மருந்து தொடங்குவது எதிர்ப்பைத்தான் வளர்க்கும். கர்ப்பிணிகளும் சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர்களும் இதற்கு விதிவிலக்கு. குழாய் இன்னும் தேவைதானா என்று ஒவ்வொரு நாளும் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

கல்ச்சருக்கான மாதிரியைப் புதிய குழாய் வழியாகவே எடுக்கச் சொல்லுங்கள். குழாயோடு இணைத்த சேகரிப்புப் பையில் தேங்கியதை அனுப்பினால், அங்கே பல மணி நேரம் பெருகியவைதான் ரிப்போர்ட்டில் ஏறும்.