முதல் கணக்கு எப்போதும் அட்மின்தான்

கணினியில் புதிதாக ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) போடும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது வட்டைப் பகுதிகளாக, அதாவது பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் இடத்தில்தான். அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போய்விடுகிறார்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் திரையும் அந்த வேகத்திலேயே கடந்துவிடும். என்னிடம் சர்வீஸுக்கு வரும் சிக்கல்களில் பல அங்கேதான் தொடங்கியிருக்கும்.

விண்டோஸ் நிறுவும்போது நீங்கள் தொடங்கும் முதல் கணக்கு தானாகவே அட்மினிஸ்ட்ரேட்டர் (அட்மின்), அதாவது கணினியில் எதையும் மாற்றும் உரிமை உள்ள கணக்கு ஆகிவிடும். எல்லோரும் அதிலேயே படிப்பார்கள், விளையாடுவார்கள், கண்டதையும் டவுன்லோடு செய்வார்கள். 'இந்த மென்பொருள் மாற்றங்கள் செய்யலாமா?' என்று கேட்டால் கை தானாக 'யெஸ்' அழுத்திவிடும். அதே கேள்வி அந்த உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு கணக்கில் வந்தால், அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் நகரும். அந்த ஒரு தடையே பல வில்லங்கங்களை வாசலில் நிறுத்திவிடும்.

ஏற்கெனவே அட்மின் கணக்கில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? கோப்புகளை இடம் மாற்ற வேண்டியதில்லை. புதிதாக ஒரு அட்மின் கணக்கைத் தொடங்கி, அதில் நுழைந்து, உங்கள் பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக மாற்றிவிடுங்கள். எல்லாம் அப்படியே இருக்கும்.

லினக்ஸில் கதை கொஞ்சம் வேறு. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில், எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கு பூட்டியே இருக்கும். முதல் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது தேவைப்படும்போது ரூட் உரிமையோடு கட்டளை கொடுக்கும் வசதி, கிடைத்துவிடும். இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் ரூட் பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்கும். காலியாக விட்டால் முதல் பயனருக்கு சூடோ வரும், கொடுத்தால் வராது. இது தெரியாமல் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, சூடோ வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, விசைப்பலகை அமைப்பு. யுஎஸ் அமைப்பில் ஷிஃப்டும் 2-ம் அழுத்தினால் @ வரும்; யுகே அமைப்பில் இரட்டை மேற்கோள் குறி வரும். பாஸ்வேர்டு பெட்டியில் வெறும் புள்ளிகள்தானே தெரிகின்றன? இரண்டு முறையும் ஒரே மாதிரி அழுத்தியிருப்பீர்கள், அதுவும் ஏற்றுக்கொண்டுவிடும். பின்னால் அமைப்பு மாறினால், சரியான பாஸ்வேர்டே தவறு என்று வரும். பெயர் கேட்கும் பெட்டியில் ஒருமுறை பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்து அழித்துவிட்டால் தீர்ந்தது.

பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்தாலே போதும். மாதாமாதம் மாற்றச் சொல்வது பழைய வழக்கம். 2017-லேயே அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றது.

ஆனால் லாகின் பாஸ்வேர்டு வட்டுக்குப் பூட்டு இல்லை. ஓஎஸ் நேரடியாக இயங்கும் லைவ் யூஎஸ்பி ஒன்றைச் செருகி, அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் (பூட் செய்தால்), என்கிரிப்ட் செய்யாத (சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றாத) வட்டில் இருக்கும் கோப்புகளை எவரும் பார்க்கலாம். மடிக்கணினி என்றால் என்கிரிப்ஷன் கட்டாயம் வேண்டும் என்பேன்.

அங்கேயும் ஒரு பொறி. விண்டோஸ் 11 நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். போட்டுத் தருபவர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலையோ, அப்போதைக்குத் தொடங்கிய ஒன்றையோ கொடுத்துவிடுவார். பல கணினிகளில் வட்டு தானாகவே என்கிரிப்ட் ஆகி, 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை அந்தச் சாவியைக் கேட்கும்போதுதான், அது யாருடைய மின்னஞ்சல் என்ற தேடல் தொடங்கும். சாவி இல்லையென்றால் என்னாலும் எதுவும் செய்ய முடியாது.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியைத் திறந்து, இருப்பது உங்கள் மின்னஞ்சல்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் மீட்புச் சாவியை எடுத்துத் தாளில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் கணக்கை மாற்றுங்கள்.