நட்ட கணக்கு வேண்டாம், பிழைத்த கணக்கைச் சொல்லுங்கள்

சென்ற மாதம் ஒரு கள ஆய்வுக்குப் போயிருந்தேன். சுற்றுச்சூழல் விருதுக்கு விண்ணப்பித்திருந்த ஓர் அமைப்பு, 5,000 மரக்கன்றுகள் நட்டதாக எழுதியிருந்தது. கோப்பு நல்ல கனம். பேனர் பிடித்த படங்கள், மண்வெட்டியோடு சிரிக்கும் விருந்தினர்கள், பாராட்டுக் கடிதங்கள் எல்லாம் இருந்தன. இடத்துக்குப் போனால் குழிகள் வரிசை தப்பாமல் இருந்தன. பெரும்பாலான குழிகளில் ஒரு காய்ந்த குச்சி நின்றது. ஒன்றைப் பிடித்து லேசாக அசைத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கறுப்பு பாலித்தீன் பை. கிழிக்கவே இல்லை. வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கயிறு போல முறுக்கிக் கிடந்தது. பக்கத்துக் குழியிலும் அதே பை. பத்துக் குழிகள் பார்த்தேன், ஏழில் பை அப்படியே இருந்தது.

கூட வந்த ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர். "அன்னிக்கு நிறைய பேர் வந்திருந்தாங்க மேடம், யார் எப்படி நட்டாங்கன்னு பார்க்க முடியல" என்றார். அதற்குப் பிறகு வந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை.

சுற்றுச்சூழல் பணிகளுக்கு விருதும் நிதியும் கொடுக்கும் அறக்கட்டளைகளுக்காக, விண்ணப்பத்தில் எழுதியிருப்பது நிலத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை. இந்த ஒரு வருடத்தில் மட்டும் இது போன்ற நான்காவது கோப்பு இது. அதனால்தான் எழுதுகிறேன். விண்ணப்பிக்கப் போகிறவர்களும் படிக்க வேண்டும், விருது கொடுக்கிறவர்களும் படிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கன்று வேறு, மரம் வேறு. நட்ட அன்று உங்களிடம் இருப்பது 5,000 கன்றுகள். அதில் எத்தனை மரமாகும் என்பது அந்த நாளில் யாருக்கும் தெரியாது. முதல் கோடையைத் தாண்ட வேண்டும், ஆடு மாடு வாயில் சிக்காமல் இருக்க வேண்டும், களை மூடாமல் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு மூன்று வருடங்கள் யாராவது திரும்பித் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் என்னிடம் வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நடவு நாளோடு முடிந்துவிடுகின்றன. "நாங்கள் இதுவரை இவ்வளவு மரங்கள் நட்டிருக்கிறோம்" என்று எழுதுகிறார்கள். மரத்தை யாரும் நடுவதில்லை. கன்றைத்தான் நடுகிறோம்.

இன்னொரு பழக்கம் இதைவிட எரிச்சல் தருவது. சென்ற வருடம் நட்டு, காய்ந்து போன அதே குழியில் இந்த வருடமும் நடுவார்கள். கணக்கில் இரண்டும் ஏறும். ஒரே குழி மூன்று வருடத்தில் மூன்று மரமாகிவிடும். நேரில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. வேண்டுமென்று ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்டல் மட்டுமே போட்டுப் பழகிவிட்டோம், கழித்தல் போட யாரும் நம்மைக் கேட்டதில்லை.

இது சின்ன அமைப்புகளின் பிரச்சினை மட்டும் இல்லை. 2019 நவம்பர் 11 அன்று துருக்கியில் நாடு முழுக்க 1 கோடியே 10 லட்சம் கன்றுகளை நடும் இயக்கம் நடந்தது, கின்னஸ் சாதனையும் கிடைத்தது. சில மாதங்கள் கழித்து அங்குள்ள வனத்துறைத் தொழிற்சங்கம், தாங்கள் பார்த்த இடங்களில் 90 சதவீதம் வரை கன்றுகள் செத்துவிட்டன என்றது. அரசு அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். நடவு நாளின் எண் உலகத்துக்கே தெரிந்தது, பிழைத்த எண் சண்டையில் முடிந்தது. என் தொழிலில் தினமும் பார்ப்பது இதைத்தான்.

இலங்கையில் சுனாமிக்குப் பிறகு, கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் (அலையாத்தி) காடுகளை மீட்கப் பெரிய முயற்சி நடந்தது. பின்னாளில் ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. நட்ட பரப்பு 1,000 ஹெக்டேருக்கு மேல், தேறியது சுமார் 200 ஹெக்டேர்தான். உழைக்க ஆள் இல்லாமல் போனது அல்ல காரணம். கண்டல் வளராத இடத்தில் நட்டதும், நட்டதைக் கால்நடையிடமிருந்து காப்பாற்றாததும்தான். கடல் நீர் எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு நேரம் வடியும் என்று பார்க்காமல் சேற்றில் குத்திவிட்டு வந்தால் கண்டல் என்ன செய்யும்?

இடம் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். புல்வெளி என்பது காலி மனை இல்லை. மரம் இல்லாத இடமெல்லாம் மரத்துக்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பை விடுங்கள். இயற்கையான புல்வெளியில் வாழும் பறவைகளும் விலங்குகளும் அந்தத் திறந்த வெளியை நம்பித்தான் இருக்கின்றன. அங்கே போய்க் காடு வளர்த்துவிட்டு அதற்கு விருது கேட்டால், நான் எதிராகத்தான் எழுதுவேன்.

சரி, பிழைத்த கணக்கு வைத்து நடக்க முடியுமா? முடியும். கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியபோது, கிராமத்துப் பெண்களுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தார். அது நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு. எவ்வளவு எளிமையான ஏற்பாடு பாருங்கள். பணம் பிழைத்த கன்றுக்குத்தான் என்றதும் அதைக் காப்பாற்றுவது எல்லோருக்கும் வேலையாகிவிடுகிறது. 1984இல் ரைட் லைவ்லிஹூட் விருது, 1991இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது, 2004இல் அமைதிக்கான நோபல் என்று அவருக்கு வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மரம் மட்டும் இல்லை, எண்ணிக்கை மயக்கம் எல்லாத் துறையிலும் இருக்கிறது. சூரிய மின் தகடு போட்டவர்கள் எத்தனை கிலோவாட் என்று எழுதுகிறார்கள், எத்தனை யூனிட் உற்பத்தியானது என்று எழுதுவதில்லை. தூசி படிந்து பாதிகூடத் தராத தகடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் எத்தனை டன் சேகரித்தோம் என்பார்கள். அது கடைசியில் எங்கே போனது என்று கேட்டால் முழிப்பார்கள். ஒரு தொழிற்சாலை தண்ணீர்ப் பயன்பாட்டை வெகுவாகக் குறைத்ததாக விண்ணப்பித்திருந்தது. பில்கள் சரியாகவே இருந்தன. உற்பத்திக் கணக்கைக் கேட்டு வாங்கினேன். அந்த வருடம் உற்பத்தியே பாதியாகியிருந்தது. ஒரு பொருளுக்கு ஆன தண்ணீரைப் பார்த்தால் கொஞ்சம் கூடித்தான் இருந்தது.

இங்கேதான் தொடக்க அளவு என்று நாங்கள் கரடியாய்க் கத்துவது வருகிறது. வேலை தொடங்குவதற்கு முன் நிலைமை என்ன என்று எழுதி வையுங்கள். கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், மாதம் எத்தனை யூனிட் மின்சாரம், நாளுக்கு எத்தனை கிலோ குப்பை. தேதி போட்டு எழுதுங்கள். வேலை முடிந்த பிறகு "முன்பு மோசமாக இருந்தது" என்று எழுதினால் நான் அதை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

நான் பார்த்ததிலேயே சிறந்த ஆவணம் ஒரு பள்ளியின் கோடு போட்ட நோட்டு. மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு தினமும் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு கையெழுத்து. ஒரு வாரம் எண் திடீரென்று ஏறியிருந்தது. பக்கத்திலேயே பென்சிலில், "பின்பக்கக் குழாய் உடைந்தது, மூன்று நாள் யாரும் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்திலிருந்து எண் இறங்கியது. அந்த ஒரு பென்சில் வரியைப் படித்ததும் மற்ற எல்லாப் பக்கத்தையும் நம்பினேன். தோல்வியை மறைக்காத கணக்குதான் நம்பத் தக்க கணக்கு. இதைச் சொன்னால் விண்ணப்பதாரர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள், மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிறார்கள். குறையாது. நடுவர் குழுக்களில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இனி அவசரமாகச் சில வார்த்தைகள். பையைக் கிழித்துவிட்டு நடுங்கள். நடுவதற்கு முன்பே, தண்ணீர் ஊற்றப் போவது யார் என்று பெயர் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லையென்றால் நடாதீர்கள். படம் எடுத்தால் அதே இடத்தில் நின்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுங்கள், அதில் ஆட்கள் தேவையில்லை. அப்புறம், "உங்களுக்கு விருது தேர்வாகிவிட்டது, கேடயத்துக்கும் மேடைக்கும் பணம் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். தான் கொடுக்கும் விருதுக்கு வெற்றியாளரிடமே விலை கேட்பது அறக்கட்டளை இல்லை, வியாபாரம். கோல்ட்மேன் விருதுக்கு நீங்களாக விண்ணப்பிக்கவே முடியாது, பரிந்துரைக்கிறவர்கள் வேறு. "அதற்கு உங்கள் பெயரை நாங்கள் அனுப்புகிறோம்" என்று கட்டணம் கேட்கிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

அறங்காவலர்களிடமும் ஒரு வேண்டுகோள், இதைக் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன். நடவு முடிந்த வருடத்திலேயே விருது கொடுக்காதீர்கள். இரண்டு கோடை தாண்டட்டும். நிதியை ஒரே தவணையில் கொடுக்காமல் கடைசித் தவணையைப் பிழைத்த எண்ணோடு கட்டுங்கள். 1985இல் பிரான்சில் தொடங்கிய நீலக் கொடித் திட்டத்தைப் பாருங்கள். தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைக்குக் கொடுக்கும் அந்தக் கொடி ஒரு பருவத்துக்கு மட்டும்தான். அடுத்த பருவத்துக்கு மறுபடி விண்ணப்பித்துத் தகுதி காட்ட வேண்டும், இடையில் நிபந்தனை தவறினால் கொடியை இறக்க வேண்டும். நம்முடைய விருதுகளோ ஒரு முறை கொடுத்தால் சுவரில் என்றென்றைக்கும் தொங்குகின்றன, விருது வாங்கித் தந்த ஏரியே வற்றிப்போனாலும்.

விண்ணப்பப் படிவத்தையும் சுருக்குங்கள். நாற்பது பக்கப் படிவத்தை நிரப்ப ஆள் வைத்திருக்கிற அமைப்புதான் ஜெயிக்கிறது. ஓடையைத் தூர்வாரி மூன்று வருடம் காத்து வந்த ஒரு பெண்கள் குழு, படிவத்தின் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அவர்களை நான் கண்டுபிடித்தது வேறொருவருடைய ஆய்வுக்குப் போன வழியில், தற்செயலாக. எழுத வராதவர்களிடம் பேசி வாங்குங்கள், நேரில் போங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விருது சிலருக்கு வெளிச்சம் மட்டும் கொடுக்கிறது, பாதுகாப்பைக் கொடுப்பதில்லை. ஹோண்டுராஸில் அணைத் திட்டத்தை எதிர்த்த பெர்டா காசெரஸ் 2015இல் கோல்ட்மேன் விருது பெற்றார். 2016 மார்ச்சில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மணல், காடு, சுரங்கம் என்று பெரிய ஆட்களோடு மோதுகிறவர்களுக்கு விருது கொடுக்கும் முன் அவர்களிடம் தனியாகக் கேளுங்கள்: பெயரை வெளியிடலாமா, படம் போடலாமா? மேடை முடிந்த பிறகும் அவர்களோடு தொடர்பில் இருங்கள்.

அந்தப் பை நடவு ஒருங்கிணைப்பாளர் நேற்று அழைத்தார். விருது கிடைக்காதது பற்றிப் பேசவே இல்லை. நான் போன பிறகு நான்கு பேரோடு உட்கார்ந்து ஒவ்வொரு குழியாக எண்ணியிருக்கிறார்கள். "உயிரோட இருக்கிறது 310 மேடம்" என்றார், குரல் இறங்கித்தான் இருந்தது. அந்த எண்ணை நோட்டில் முதல் வரியாகத் தேதி போட்டு எழுதச் சொன்னேன். வெயில் ஏறுவதற்குள் அந்த 310 கன்றுகளைச் சுற்றிக் காய்ந்த இலையும் வைக்கோலும் போட்டு மூடச் சொன்னேன். எவ்வளவு கனத்துக்குப் போட வேண்டும், தண்டை ஒட்டிப் போடலாமா என்று கேட்டார். நாலு விரல் கனம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி என்று சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்றார்.