வேலியைச் சுற்றி வரும் ஆளில்லா வண்டி

காங்கேயம் பக்கத்தில் எங்கள் கொறங்காட்டுக்கு, அதாவது மேய்ச்சல் நிலத்துக்கு, கிளுவை வேலி. அப்புச்சி தினமும் விடிந்ததும் அதை ஒட்டி ஒரு நடை நடப்பார். "நேத்து இந்தச் சந்து இல்லையே" என்று நின்றுவிட்டார் என்றால், ராத்திரி ஏதோ புகுந்திருக்கிறது என்று அர்த்தம். ராணுவத் தளங்களைக் காவல் காக்கும் ஆளில்லாத் தரை வண்டி செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

அமெரிக்காவின் எம்டார்ஸ் வண்டியை நெவாடாவில் வெடிமருந்துக் கிடங்கைச் சுற்றி ரோந்து விட்டார்கள். கிடங்குப் பூட்டுகளில் உள்ள ரேடியோ வில்லைகளைப் படித்து, கதவு பூட்டியிருக்கிறதா என்றும் அது பார்த்தது. நம் ஊரில் ஆவடியில் உள்ள, ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் ஆய்வகம் 2017ல் 'முந்த்ரா' என்ற ஆளில்லாக் கவச வண்டியைக் காட்டியது.

வண்டியின் தலையில் சுழல்வது லைடார். லேசர் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. போகும், 200 நானோ விநாடியில் திரும்பினால் பொருள் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. இப்படிச் சேரும் லட்சக்கணக்கான புள்ளிகளை ஏற்கெனவே எடுத்த வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்கும். புதிதாக எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ, அதுதான் 'நேத்து இல்லாத சந்து'.

பார்ப்பது சுலபம், எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதில்தான் சிக்கல். சூலூர் விமானப்படைத் தளம் போன்ற ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசினால் ஒரு புதர்கூட சும்மா இருக்காது. போதாக்குறைக்கு மயில்கள் வேறு. அசைவை மட்டும் நம்பினால் ராத்திரி முழுக்க மணி அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் அசைவு, வடிவம், உடல் சூடு மூன்றும் ஒத்துப்போனால்தான் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும்படி வைப்பார்கள். அங்கே ஓர் ஆள் படத்தைப் பார்த்து, வண்டியின் ஒலிபெருக்கியில் "யாரது, நில்லு" என்பார்.

வெப்பக் கேமராவுக்கு ராத்திரி கொண்டாட்டம்: குளிர்ந்த மண்ணில் மனிதன் பளிச்சென்று தெரிவான். சித்திரை மத்தியானத்தில் மண்ணும் உடம்பளவு சூடாகிவிட்டால் இரண்டும் கலந்துவிடும். அப்போது லைடார்தான் கைகொடுக்கும்.

அப்புறம் சேறு. செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காத இடத்தில், சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணியும் வண்டி தன் இடத்தைக் கணிக்கும். மழை பெய்த கரிசலில் சக்கரம் வழுக்கிச் சுற்றினால், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு பத்து மீட்டர் போய்விட்டதாகக் கணக்குச் சொல்லும். கரிசலில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அப்படிச் சிக்கிக்கொண்டால், வண்டியை இழுக்கக் கயிற்றோடு ஒரு ஜீப்தான் போகவேண்டும்.