செயற்றிட்டம்

இலங்கை மலையகப் பெற்றோரிடம் ‘புரொஜெக்ட்’ என்று சொன்னால் பிரிஸ்டல் போர்டும் பசையும் டவுன் கொமினிகேஷன் கடையில் அச்செடுத்த வர்ணப் படங்களும்தான் நினைவுக்கு வரும். மறுநாள் கொடுக்க வேண்டும் என்று பிள்ளை இரவில்தான் சொல்லும்; அக்காவோ மாமாவோ உட்கார்ந்து ஒட்டி முடிப்பார்கள். அழகாக இருக்கும். ஆனால் அதைச் செயற்றிட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

புரொஜெக்ட் என்பதன் மூலம் இலத்தீன். ‘முன்னே எறிவது’ என்ற பொருள் நாளடைவில் ‘முன்கூட்டி வகுப்பது’ என்றானது. கல்வித்துறையில் இச்சொல்லைப் பரப்பியவர் அமெரிக்கரான வில்லியம் கில்பாட்ரிக். 1918இல் வெளியான கட்டுரையில், மனம் ஒன்றி, ஒரு நோக்கத்தோடு, சமூகச் சூழலில் செய்யும் செயலையே அவர் இப்பெயரால் குறித்தார். ஒட்டுவதைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

தமிழில் செயல் + திட்டம் = செயற்றிட்டம். லகரமும் தகரமும் சேர்ந்து ‘ற்ற’ ஆகும் புணர்ச்சி இது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘செயல்திட்டம்’ என்று பிரித்தே எழுதுகிறார்கள். இலங்கைப் பாடநூல்கள் புணர்ச்சியை விடவில்லை. பக்கத்திலேயே இன்னும் இரண்டு சொற்கள் இருப்பதால் குழப்பம் வருகிறது. கையால் செய்து பழகுவது செயன்முறை. ஆசிரியர் வகுப்பில் கொடுக்கும் சிறு வேலை செயற்பாடு. ஆரம்பப் பிரிவில் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. இலை பொறுக்கி வந்து கொப்பியில் ஒட்டுவது செயற்பாடு. பிள்ளைகளே ஒரு கேள்வியை எடுத்து, எப்படித் தேடுவது, யாரைக் கேட்பது என்று வகுத்துக்கொண்டு நாட்கணக்கில் அதன் பின்னால் போனால்தான் செயற்றிட்டம்.

கூடை நிறையக் கொழுந்து போகிறதே, எவ்வளவு தேயிலை வரும்? தரம் 4 பிள்ளைக்கு இந்தக் கேள்வி போதும். 100 கிராம் கொழுந்தை நிறுத்து, காயவைத்து, தினமும் நிறுத்து எழுதலாம். (மழைக்காலத்து நானுஓயாவில் வெயிலை நம்ப வேண்டாம்.) கடைசியில் ஏறக்குறைய கால்வாசிதான் மிஞ்சும். மிச்சமெல்லாம் நீர். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் மாமாவிடம் கேட்டால், ஒரு கிலோ தேயிலைக்கு 4.5 முதல் 5 கிலோ வரை கொழுந்து வேண்டும் என்பார். அப்பாயியோ (அப்பாவின் அம்மா) றாத்தல் கணக்கில்தான் பேசுவார். ஒரு றாத்தல் 454 கிராம் அளவு. அதைக் கிலோவுக்கு மாற்றும்போது பிள்ளைக்குக் கணிதமும் வந்துவிடுகிறது. ‘சமூகம்சார் கற்றல்’ என்று ஆசிரியர் பயிற்சிகளில் சொல்வது, இப்படிச் சுற்றியிருப்பவர்களிடம் கேட்டுக் கற்பதைத்தான். தோட்டத்தில் அந்த அறிவு லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதைப் பாடமாகக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

எனவே வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் படம் ஒட்டும் வேலையை ‘ஒப்படை’ (அசைன்மென்ட்) என்றே எழுதலாம். கேள்வி பிள்ளையுடையதாக இருந்தால் மட்டும் ‘செயற்றிட்டம்’ என்று எழுதுங்கள்.